வீட்லயே பாட்டு ரெக்கார்ட் பண்ண எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

முதல்ல காசு கட்டாதீங்க. மேக் இல்ல ஐபேட் இருந்தா கராஜ்பேண்ட் இலவசம், பாடி கிட்டார் சேர்த்து ஒரு டெமோ போட அதுவே தாராளம். விண்டோஸ்காரங்களுக்கு என் ஓட்டு ரீப்பருக்குதான், 60 நாள் முழுசா ஓட்டிப் பாக்கலாம், எதையும் பூட்டி வைக்க மாட்டாங்க, அப்புறம் பிடிச்சா வீட்ல பண்றவங்களுக்கான லைசென்ஸ் 60 டாலர் ஒரே தடவை, மாசாமாசம் சந்தா கிடையாது, பழைய லேப்டாப்லயும் திணறாம ஓடும். ஆனா கூட இன்ஸ்ட்ருமெண்ட் சத்தம் பெருசா எதுவும் வராது, அதெல்லாம் இலவச பிளகினா (சாஃப்ட்வேரோட கூடுதலா மாட்டிக்கிற குட்டி புரோகிராம்) நாமதான் தேடிப் போட்டுக்கணும், பாக்கவும் கொஞ்சம் ஆஃபீஸ் சாஃப்ட்வேர் மாதிரிதான் இருக்கும் (பழகிடும்).

எஃப்எல் ஸ்டூடியோ வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க, இருக்கறதுலயே விலை கம்மியான ஃப்ரூட்டி எடிஷன்ல ரொம்ப காலமா மைக் வச்சு குரல் ரெக்கார்ட் பண்ண முடியாம இருந்துச்சு, இப்போ முடியுதான்னு பாத்துட்டு வாங்குங்க, இல்லன்னா புரொட்யூசர் எடிஷன் வேணும். பீட் மட்டும் போடுறவங்களுக்கு ஃப்ரூட்டியே ஓகே.

ஒரு குரல், வெட்டி ஒட்டணும், அவ்ளோதான்னா ஆடாசிட்டி போதும்.

அப்புறம் பாடும்போது ஹெட்ஃபோன்ல உங்க குரல் லேட்டா கேட்டா சாஃப்ட்வேரைத் திட்டாதீங்க, விண்டோஸ்னா ஆடியோ இன்டர்ஃபேஸோட (மைக்கை கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) சொந்த ஆசியோ டிரைவரைப் (சத்தம் தாமதமாகாம போய்வர வைக்கிற புரோகிராம்) போட்டு, பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வச்சு அனுப்புற சத்தத்தோட அளவு) 128க்கு இறக்குங்க, மிக்ஸ் பண்ணும்போது மறுபடி 1024க்கு ஏத்திக்கலாம். ரெக்கார்ட் ஆகுற சத்தத்தோட லெவல் மீட்டர்ல -12 டிபி (டெசிபெல்) பக்கத்துல நிக்கட்டும், ரெக்கார்டிங் செட்டிங்ல 24 பிட்ல எடுத்தா போதும். நான் லெவல் எகிறி சிவப்பு லைட் எரிய எரிய பாடி ஒரு ராத்திரி வேலை மொத்தமும் கிழிஞ்ச சத்தமா போச்சு.