பெட்டியைப் பிரிக்கும் அவசரத்தில் செய்யும் தவறுகள்

புதுசாக ஒரு கேட்ஜெட் வீட்டுக்கு வந்தால் முதல் பத்து நிமிடம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகிறது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்கிறோம், ஆப் இறங்குகிறது, அது கேட்பதற்கெல்லாம் 'சரி', 'சரி', 'அனுமதி' என்று தட்டிக்கொண்டே போகிறோம். சீக்கிரம் ஓட வேண்டும், அவ்வளவுதான். பின்னால் தலைவலியாகும் விஷயங்கள் பலவும் அந்தப் பத்து நிமிடத்தில் நாமே போட்ட விதை.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. ஒரு ஸ்மார்ட் பல்பு மாட்டியபோது அதன் ஆப் முதலில் மொபைல் எண் கேட்டது, கொடுத்தேன். இருப்பிடம் கேட்டது, கொடுத்தேன். மைக் கேட்டது, அதையும் கொடுத்தேன். தொடர்புப் பட்டியலைக் கேட்டபோதுதான் கை நின்றது. விளக்கு எரிய என் பெரியப்பா நம்பர் எதற்கு?

இருப்பிடம் கேட்டதாலேயே அந்த ஆப் திருட்டு ஆப் என்று சொல்லிவிடவும் முடியாது. பக்கத்தில் இருக்கும் புளூடூத் கருவியைத் தேடுவதற்கே ஆண்ட்ராய்டு 11 வரை இருப்பிட அனுமதி வேண்டியிருந்தது. சுற்றிலும் என்னென்ன வைஃபை, புளூடூத் இருக்கின்றன என்று தெரிந்தாலே ஆள் எங்கே நிற்கிறார் என்று ஊகித்துவிடலாம் என்பதால் அந்த ஏற்பாடு. பல்பு இணைந்த பிறகும் அனுமதியை அப்படியே திறந்து வைத்திருப்பதுதான் தவறு. கேட்கும்போது 'இந்த முறை மட்டும்' என்பதைத் தட்டுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் தேடி ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பல்பு அப்போதும் எரியும்.

அப்புறம் பாஸ்வேர்டு. கேட்டுக் கேட்டுச் சலித்த அறிவுரைதான், ஆனால் கதை தெரிந்தால் சலிக்காது. 2016இல் மிராய் என்றொரு தீம்பொருள் இணையத்தில் சுற்றி வந்தது. அதனிடம் பெரிய வித்தை எதுவும் கிடையாது. தொழிற்சாலையிலேயே போட்டுவிடுகிற 'அட்மின்', '12345' மாதிரியான பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சம் வைத்திருந்தது. கண்ணில் பட்ட கேமரா, ரவுட்டர், வீடியோ ரெக்கார்டர் ஒவ்வொன்றிலும் அவற்றைப் போட்டுப் பார்த்தது. லட்சக்கணக்கில் திறந்துகொண்டன. அந்த வருஷம் அக்டோபர் 21ஆம் தேதி, இப்படிப் பிடித்த கருவிகளை ஏவி, நாம் தட்டும் தளப் பெயருக்கு உரிய இணைய முகவரியைத் தேடித் தரும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. கேமராவின் சொந்தக்காரர்களுக்கோ எதுவுமே தெரியாது, அவர்கள் திரையில் வாசல் வழக்கம்போலத் தெரிந்துகொண்டிருந்தது. கருவியை அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும். ஆனால் பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடங்களிலேயே திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுப் பாஸ்வேர்டோடு ஸ்மார்ட் கருவிகளை விற்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எந்த நாட்டில் வாங்கினாலும் விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இந்த இரண்டாவதுதான். அப்டேட் நின்றுபோன மலிவுக் கேமரா, பூட்டு துருப்பிடித்த கதவு.

கருவியின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், போதாதா? போதாது. இன்றைய கேமராக்களுக்கு உண்மையான சாவி, கேமரா நிறுவனத்தின் சர்வரில் நாம் தொடங்கும் கிளவுட் கணக்கில் இருக்கிறது. 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பியில் 8 வயதுச் சிறுமியின் அறையில் இருந்த, ரிங் என்ற நிறுவனத்தின் கேமரா வழியாக யாரோ ஒருவன் அவளோடு பேசியது பெரிய செய்தியானது. அந்த நாட்களில் அடுத்தடுத்து வெளிவந்த இத்தகைய சம்பவங்களுக்கு, வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டையே இங்கும் வைத்திருந்ததுதான் காரணம் என்றது நிறுவனம். 2020 பிப்ரவரியில், பாஸ்வேர்டுக்குப் பிறகு ஒரு தனி எண்ணையும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. உங்கள் கேமரா அதைக் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நீங்களே போட்டுவிடுங்கள். ஆறு இலக்க எண் ஒன்றைத் தட்டும் சிரமம்தான்.

எட்டிப் பார்ப்பவன் வெளியாளாகத்தான் இருப்பான் என்று நினைப்பதும் தப்பு. அதே ரிங் நிறுவனத்தின் ஊழியர்களே வாடிக்கையாளர்களின் வீடியோக்களைப் பார்த்தார்கள் என்று அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023இல் குற்றம்சாட்டியது. 58 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டது நிறுவனம். இதைப் பாஸ்வேர்டாலோ இரண்டாம் கட்டச் சரிபார்ப்பாலோ தடுக்க முடியாது. கேமராவை எங்கே மாட்டுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. வாசலுக்குச் சரி. படுக்கையறைக்கு வேண்டாம் என்பது என் கட்சி, யார் என்ன விளக்கம் சொன்னாலும்.

கேமரா இல்லாத பொருள் நம்மைப் பார்க்காது என்று நம்புவது அடுத்தது. டிவியை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஸ்மார்ட் டிவிகள் திரையில் ஓடும் படத்திலிருந்து சில புள்ளிகளை மட்டும் எடுத்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடும். கேபிள் பாக்ஸ், டிவிடி எதில் போட்டாலும் திரை அதே திரைதானே. இப்படி 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து ஒப்புதல் இல்லாமல் தகவல் திரட்டியதாக எழுந்த வழக்கில் விசியோ நிறுவனம் 2017இல் 22 லட்சம் டாலர் கட்டியது. இதை அணைக்கும் பொத்தான் செட்டிங்ஸில் இருக்கும், ஆனால் 'உளவு' என்ற பெயரிலா இருக்கும்? சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். டிவி வந்த அன்றே தேடிப் பிடித்து அணைத்துவிடுங்கள், பிறகு அந்தப் பக்கம் போக மாட்டோம்.

கையில் கட்டும் வாட்சில், பெயர் போடவில்லையே என்ற தைரியம் செல்லாது. ஓட்டம், நடையைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் 2017 நவம்பரில் தன் பயனர்கள் ஓடிய, நடந்த தடங்களைப் பெயரில்லாமல் உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் பார்த்தால், பாலைவன இருட்டுக்கு நடுவே பளிச்சென்று சில வட்டங்கள். ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய பாதைகள் அவை. நம் தடம் தினமும் எந்த வாசலில் தொடங்கி எந்த வாசலில் முடிகிறது என்று யோசித்தால் போதும். ஓட்டப் பதிவைப் பகிரத்தான் வேண்டுமென்றால் வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க், அதாவது வீட்டு வைஃபையிலிருந்து பிரித்து வைத்த தனி இணைப்பு, இருந்தால் பல்பு, கேமரா, வேக்குவம் கிளீனர் எல்லாவற்றையும் அதில் தள்ளிவிடலாம். ஒன்று கெட்டாலும் லேப்டாப் வரை வருவது கடினம்.

கடைசித் தவறு, கருவியைக் கைமாற்றும் நாளில் நடப்பது. நண்பனோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டு நான் மட்டும் வெளியேறியபோது என் வைஃபை எடை மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ரீசெட் செய்யவில்லை, கணக்கிலிருந்தும் நீக்கவில்லை. வீட்டு வைஃபை மாறவில்லை என்பதால் அது பாட்டுக்கு ஏறி நிற்பவர் எடையை என் போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நாலைந்து மாதம் கழித்து ஆப்பைத் திறந்தால் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. உடனே கணக்கிலிருந்து நீக்கிவிட்டு அவனுக்குப் போன் போட்டு ரீசெட் செய்யச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ நாலு கிலோ ஏறினது உனக்குத் தெரியுமா?" என்றான்.