142857: மீதிகளைப் பிடித்துக்கொண்டு ஓர் எண்ணை ஆராயும் முறை

கணிப்பானில் 1-ஐ 7-ஆல் வகுத்தால், திரை கொள்ளும் அளவுக்கு 0.142857142 என்று இலக்கங்கள் வந்து நின்றுவிடும். அவை ஏன் அந்த வரிசையில் வருகின்றன என்பதை அறிய, கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கையால்தான் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஈவின் இலக்கத்தை மேலேயும், மீதியை அதற்கு நேர் கீழேயும் எழுதிக்கொள்ளுங்கள். பலர் மீதியை அடித்துவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுவார்கள். இந்தக் கணக்கில் அதை மட்டும் செய்யக் கூடாது.

10-இல் ஓரேழு ஏழு, மீதி 3. 30-இல் நாலேழு இருபத்தெட்டு, மீதி 2. 20-இல் ஈரேழு பதினான்கு, மீதி 6. 60-இல் எட்டேழு ஐம்பத்தாறு, மீதி 4. 40-இல் ஐயேழு முப்பத்தைந்து, மீதி 5. 50-இல் ஏழேழு நாற்பத்தொன்பது, மீதி 1. தொடங்கிய 1 திரும்ப வந்துவிட்டதால், இனி வருவதெல்லாம் இதே ஆறு படிகள்தாம். 7-ஆல் வகுக்கும்போது 1 முதல் 6 வரை ஆறு மீதிகளுக்கே இடமுண்டு. அந்த ஆறும் ஒருமுறை தவறாமல் வந்துவிட்டன என்பதே இந்த எண்ணின் உயிர்நிலை.

இப்போது 3/7 வேண்டுமானால் புதிதாக வகுக்க வேண்டியதில்லை. மீதி 3 விழுந்த இடத்துக்கு அடுத்த இலக்கத்திலிருந்து சுற்றிப் படித்தால் 428571 கிடைக்கும். 142857-ஐ 3-ஆல் பெருக்கினாலும் அதுவேதான். இதை நினைவில் வைக்க எளிய வழி, இலக்கங்களை 1, 2, 4, 5, 7, 8 என ஏறுவரிசையில் எழுதிக்கொள்வது. 5-ஆல் பெருக்கினால் விடை ஐந்தாவது இலக்கமான 7-இல் தொடங்கி 714285 ஆகும். 6-ஆல் பெருக்கினால் 8-இல் தொடங்கி 857142 ஆகும். 7-ஆல் பெருக்கும்போது மட்டும் சுழற்சி நின்று 999999 வரும்.

பெரிய எண்ணால் பெருக்கினால், விடையின் கடைசி ஆறு இலக்கங்களைப் பிரித்து, முன்னால் மிஞ்சியதை அவற்றோடு கூட்ட வேண்டும். 365-ஆல் பெருக்கினால் 52142805. 142805-உடன் 52-ஐக் கூட்டினால் மறுபடியும் 142857. காரணம், 365-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. சாதாரண ஆண்டில் ஒருவரின் பிறந்தநாள் அடுத்த ஆண்டு ஒரு கிழமை தள்ளி விழுவதற்கும் இதே மீதிதான் காரணம் என்பதைக் குழந்தைகளுக்கு இந்த இடத்தில் சொல்லிக்கொடுத்தால் மனத்தில் பதியும்.

மூன்றாம் படியின் மீதி 6 என்பதையும் கவனியுங்கள். 1/7-உம் 6/7-உம் சேர்ந்தால் 1 என்பதால், பின்பாதி இலக்கங்கள் முன்பாதியை ஒவ்வொன்றாக 9-க்கு நிரப்புகின்றன: 142-உம் 857-உம் சேர்ந்து 999. ஆகவே பாதி வகுத்தலே போதும்.

எல்லாப் பகா எண்ணுக்கும் முழுச் சுழற்சி வாய்ப்பதில்லை. 13-இல் மீதிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, 1/13 076923 என்றும் 2/13 153846 என்றும் தனித்தனியே சுழல்கின்றன. 7-க்கு அடுத்து முழுச் சுழற்சி தருவது 17. அதற்கு முதல் எட்டு இலக்கங்களை மட்டும் வகுத்து 05882352 என எழுதுங்கள். ஒவ்வொன்றையும் 9-இலிருந்து கழித்தால் மீதிப் பாதி 94117647 தானே வந்துவிடும்.