ஃபைனல் ஃபேன்டஸி: எண்ணை நம்பி இறங்குபவர்கள் செய்யும் தவறுகள்

16-ஆம் பாகமே வந்துவிட்டது, இனி ஒன்றிலிருந்து ஆரம்பித்து எப்போது முடிப்பது என்று மலைத்துப்போய் ஃபைனல் ஃபேன்டஸி என்ற ஜப்பானிய வீடியோ கேம் வரிசையின் பக்கமே போகாதவர்கள் நிறையப் பேர். அந்த மலைப்புக்குக் காரணமே இல்லை. 1987 டிசம்பரில் நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவியில் வந்த முதல் கேமுக்கும் 2023 ஜூனில் பிஎஸ்5-ல் (பிளேஸ்டேஷன் 5) வந்த 16-க்கும் கதையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் உலகம் புதிது, ஆட்கள் புதிது, பெரும்பாலும் சண்டை முறையும் புதிது. திரும்பத் திரும்ப வருபவை சில அடையாளங்கள்தான்: சோகோபோ பறவை, மூகிள் என்ற குட்டி உயிரினம், சிட் என்ற பெயரில் ஒருவர், இஃப்ரித், ஷிவா, பஹாமுத் போன்ற மாய உருவங்கள், அங்கங்கே படிகங்கள்.

ஆகவே முதல் தவறு, ‘வரிசையாக ஆடினால்தான் புரியும்’ என்ற நினைப்பு. அப்படி ஆரம்பித்தவர்கள் பலர் 2-லேயே நின்றுவிடுவார்கள். அதில் லெவல் என்பதே கிடையாது. வாளை வீசினால் வாள் திறன் கூடும், அடி வாங்கினால் உயிர் அளவு கூடும், மந்திரம் சொல்லச் சொல்ல அந்த மந்திரம் வளரும். இது தெரியாமல் சண்டைகளைத் தவிர்த்து ஓடுபவர் பாதி வழியில் நோஞ்சான் கூட்டத்தோடு மாட்டிக்கொள்வார். புதிதாக வருகிறவருக்கு 6, 9, 10 மூன்றில் எதுவும் நல்ல வாசல். 2 பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: எண் இருப்பதெல்லாம் தனிக் கேம், எண் இல்லாததெல்லாம் உதிரி என்று பிரிப்பது. ஒரு கேமை வாங்கும் முன் பார்க்க வேண்டியது அது மெயினா ஸ்பின்ஆஃபா (கிளைக் கேமா) என்பதைவிட, எந்தக் கேமின் மேல் தொங்குகிறது என்பதைத்தான்.

கோடு போட்ட எண்கள்

10-2 என்பது 11-க்கு முந்தைய ஏதோ ஒன்றல்ல. 10-ன் கதை முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே உலகில், 10-ல் வந்த யூனாவை நாயகியாக வைத்து நடப்பது. 10-ன் முடிவு என்ன என்பது இதன் ஆரம்பக் காட்சிகளிலேயே வெளிப்பட்டுவிடும். இரண்டும் ஒரே எச்டி தொகுப்பில் விற்கப்படுவதால், ‘புதியது எதுவோ அதை முதலில் பார்ப்போம்’ என்று மெனுவில் 10-2-ஐ அழுத்திவிடாதீர்கள். இன்னொன்று: இதன் முழுமையான முடிவுக்குக் கதை 100 சதவீதம் நிறைய வேண்டும். முதல் ஆட்டத்தில் 80-ல் நின்றாலும் கவலையில்லை; முடித்த பின் மறுபடி தொடங்கும் நியூ கேம் பிளஸ்ஸில் சதவீதம் விட்ட இடத்திலிருந்து ஏறும். மாய்சென் என்ற கிழவர் பேச ஆரம்பித்தால் கடைசி வரை கேளுங்கள். அவர் பேச்சுக்கும் சதவீதம் உண்டு.

13-க்கு மூன்று கேம்கள்: 13, 13-2, லைட்னிங் ரிட்டர்ன்ஸ். நடுவில் உள்ளது 13 முடிந்து மூன்றாண்டு கழித்துத் தொடங்கி, கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு நிற்கும். மூன்றாவதை ஆடாமல் அது முடிவதில்லை. 12-க்கு நின்டெண்டோ டிஎஸ்ஸில் ரெவனன்ட் விங்ஸ் இருக்கிறது, ஓராண்டு கழித்து நடக்கும் கதை. 4-க்கு 17 ஆண்டுகள் கழித்து நடக்கும் தி ஆஃப்டர் இயர்ஸ். இவையெல்லாம் ஸ்பின்ஆஃப் பட்டியலில்தான் வரும். ஆனால் தாய்க் கேம் முடிக்காதவருக்கு இவற்றில் பாதி வசனம் வேற்றுமொழிதான்.

அமெரிக்க எண், ஜப்பானிய எண்

பழைய சூப்பர் நின்டெண்டோ கார்ட்ரிட்ஜையோ தொண்ணூறுகளின் வழிகாட்டிகளையோ தொடுகிறவர்கள் இதில் சறுக்குவார்கள். ஜப்பானில் 1991-ல் வந்த 4, அமெரிக்கக் கடைகளில் ‘ஃபைனல் ஃபேன்டஸி 2’ ஆனது. அசல் 2-ம் 3-ம் அப்போது அங்கே வெளிவரவில்லை. 5-ம் வரவில்லை. ஆகவே 1994-ல் வந்த 6 அங்கே ‘3’. 1997-ல் 7 வந்தபோதுதான் இரண்டு கணக்கும் ஒன்றாயின. பழைய குறிப்பில் ‘3’ என்று இருந்து, பக்கத்தில் டெர்ரா, கெஃப்கா என்ற பெயர்கள் இருந்தால் அது 6. செசில், கெயின் என்றிருந்தால் ‘2’ என்று போட்டிருந்தாலும் 4.

நின்டெண்டோவின் கைக்கருவியான கேம் பாயில் நிலைமை இன்னும் மோசம். ‘ஃபைனல் ஃபேன்டஸி லெஜண்ட்’ என்று விற்கப்பட்ட மூன்றும் உண்மையில் சாகா வரிசையைச் சேர்ந்தவை. மேற்கில் விற்க வேண்டுமே என்று பிரபலமான பெயரை ஒட்டினார்கள். இனிஷியல் ஒன்று, குடும்பம் வேறு. ‘ஃபைனல் ஃபேன்டஸி அட்வென்ச்சர்’ கதை சற்று வேறு. ஜப்பானிலேயே அதற்கு ‘ஃபைனல் ஃபேன்டஸி கிளைக்கதை’ என்ற பொருளில் துணைத்தலைப்பு இருந்தது. பிறகு அது தனிக்குடித்தனம் போய் மானா வரிசையானது. அதே கேமுக்கு ஐரோப்பாவில் ‘மிஸ்டிக் குவெஸ்ட்’ என்று பெயர். ஆனால் அமெரிக்காவில் 1992-ல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி மிஸ்டிக் குவெஸ்ட்’ முற்றிலும் வேறு கேம். அது ஐரோப்பாவுக்குப் போனபோது பெயர் மோதும் என்று ‘மிஸ்டிக் குவெஸ்ட் லெஜண்ட்’ ஆக்கினார்கள். பழைய கார்ட்ரிட்ஜ் வாங்குகிறவர் எந்த நாட்டுப் பதிப்பு, எந்தக் கருவிக்கு என்பதைக் கேட்காமல் காசு கொடுக்கக் கூடாது.

7-ன் பெரிய குடும்பம்

அதிகமானோர் தவறும் இடம் இதுதான். 7 என்ற ஒரே எண்ணின் கீழ் கேம்கள், ஒரு படம், மொபைல் வெளியீடுகள் என்று பெரிய கூட்டமே இருக்கிறது.

ரீமேக் என்ற பெயரே ஏமாற்றும். 2020-ல் வந்தது முழு 7-ஐயும் புதுப்பித்த கேம் என்று எண்ணி வாங்கியவர்கள், கதை தொடங்கும் மிட்கர் நகரத்தோடு கதை நின்றதைப் பார்த்துத் திகைத்தார்கள். 1997-ன் அசலில் மிட்கர் சில மணி நேரப் பகுதி. ரீமேக்கில் அதுவே முப்பது நாற்பது மணி நேரமாக விரிந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 29-ல் வந்த ரீபர்த் மிட்கரை விட்டு வெளியேறிய பின் தொடர்கிறது. கதை மூன்றாம் பகுதியில்தான் முடியும். அதோடு, ரீமேக் அசலை அப்படியே நடித்துக் காட்டுவதும் இல்லை. அசலை ஆடியவருக்கு என்ன எதிர்பார்ப்பு இருக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்த எதிர்பார்ப்போடு விளையாடுகிறது. அசல் தெரியாதவர் அதைக் கடைசி வரை ஆடி ரசிக்கலாம், ஆனால் ஏன் சில காட்சிகளில் பழைய ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்பது அவருக்குப் பிடிபடாது. அசலின் இப்போதைய பதிப்புகளில் மூன்று மடங்கு வேகமும், வழிச் சண்டைகளை நிறுத்தும் வசதியும் இருக்கின்றன. பழைய கிராஃபிக்ஸ் கண்ணை உறுத்தினாலும் அதை முதலில் முடிப்பதே மேல்.

அடுத்தது கிரைசிஸ் கோர். 2007-ல் சோனியின் கைக்கருவியான பிஎஸ்பியில் வந்து, 2022 டிசம்பரில் ரீயூனியன் என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டது. கதைப்படி 7-க்கு முன்னால் நடப்பது. ‘முன்கதைதானே, முதலில் ஆடுவோம்’ என்பது கேட்க நியாயமாக இருக்கும், செய்தால் நட்டம். நாயகன் க்ளவுடின் கடந்த காலத்தைப் பற்றி 7 பாதிக் கேம் வரை இறுக்கிக் கட்டி வைத்திருக்கும் முடிச்சை இது அவிழ்த்துக் கையில் கொடுத்துவிடும். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை விட்டுவிட்டு, கேம் எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதைப் பாருங்கள். 7, பிறகு கிரைசிஸ் கோர், பிறகு ரீமேக், ரீபர்த். அட்வென்ட் சில்ட்ரன் படம் 7 முடிந்து இரண்டாண்டு கழித்து நடப்பது, டர்ஜ் ஆஃப் செர்பரஸ் மூன்றாண்டு கழித்து. பின்னதை, 7-ல் வரும் வின்சென்ட் மேல் தனிப் பிரியம் உள்ளவர்கள் மட்டும் தேடிப் பிடித்தால் போதும். எவர் கிரைசிஸ் என்ற மொபைல் கேம் பழைய கதைகளைச் சுருக்கித் தருகிறது, ஆனால் ஆயுதங்கள் காச்சா குலுக்கலில் வருகின்றன. அதை 7-க்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

வாங்கும்போது ஒரு விவரம்: ரீமேக்கின் பிஎஸ்4 டிஸ்க்கில் யூஃபி என்ற பாத்திரத்தின் துணைக்கதை கிடையாது. அந்த டிஸ்க்கைப் பிஎஸ்5 பதிப்பாக மாற்றலாம், ஆனால் யூஃபி பகுதிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ்5-ல் அந்த டிஸ்க் எதற்கும் உதவாது. இன்டர்கிரேட் என்று பெயர் இருந்தால் அந்தத் துணைக்கதை உள்ளேயே இருக்கும். கணினிப் பதிப்பு இன்டர்கிரேட்தான்.

11-ம் 14-ம்

இரண்டும் அசல் எண் வரிசைதான், ஆனால் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம்கள். மாதச் சந்தா உண்டு. 11 இப்போது கணினியில் மட்டும்தான். பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ் 360 சேவை 2016 மார்ச்சில் நின்றுவிட்டது, அந்த டிஸ்க்குகள் அலமாரிக்குத்தான் ஆகும். 14-ன் 2010 பெட்டியும் அப்படியே. அந்த முதல் பதிப்பு வரவேற்பில்லாமல் 2012 நவம்பரில் மூடப்பட்டு, 2013 ஆகஸ்டில் எ ரெல்ம் ரீபார்ன் என்று புதிதாகக் கட்டப்பட்டது.

14-ன் இலவசச் சோதனைப் பதிப்புக்கு நாள் கணக்கு இல்லை. 2023 அக்டோபரில் அதன் வரம்பு லெவல் 70 வரை, ஸ்டார்ம்பிளட் விரிவாக்கம் வரை நீண்டது. நூறு மணி நேரத்துக்கு மேல் ஓடும் கதை இது. இதில் சிலர் செய்யும் அவசரம், பத்தாவது நாளே முழுக் கேமை வாங்குவது. வாங்கிய கணக்கை மறுபடி இலவசமாக மாற்ற முடியாது. கேமோடு வரும் 30 நாள் இலவச ஆட்டம் முடிந்ததும் சந்தா ஓடத் தொடங்கிவிடும். வாங்கத்தான் வேண்டும் என்றால் எந்தக் கடையில் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். அடிப்படைக் கேமை ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியவர் விரிவாக்கங்களையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும். தள்ளுபடி கண்டு, கேமை வெளியிடும் ஸ்கொயர் எனிக்ஸின் கடையில் வாங்கிய குறியீடு அந்தக் கணினி உரிமத்தில் ஏறாது. டான்ட்ரெயில் என்ற விரிவாக்கத்தை வாங்கினால் முந்தைய விரிவாக்கங்கள் அதிலேயே வந்துவிடும், ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டாம். கதையைத் தாண்டிக் குதிக்க விற்கும் பொருளை மட்டும் முதல் முறை தொடாதீர்கள். இந்தக் கேமில் உருப்படியானதே கதைதான்.

பிக்ஸல் ரீமாஸ்டரில் என்ன இல்லை

1 முதல் 6 வரை இப்போது எளிதில் கிடைப்பது பிக்ஸல் ரீமாஸ்டர் என்ற இந்த மறுபதிப்பு. அசல் வடிவத்தை ஒட்டியே செய்ததால், கேம் பாய் அட்வான்ஸில் பின்னர் சேர்த்த பகுதிகள் இதில் இல்லை: 5-ன் கூடுதல் நான்கு தொழில்கள் (பாத்திரங்கள் ஏற்கும் சண்டை வகைகள்), 6-ன் டிராகன்ஸ் டென், 4-ன் நிலவு இடிபாடுகள். 2023-ன் கன்சோல் பதிப்பில் அனுபவப் புள்ளியை நான்கு மடங்கு வரை ஏற்றும் வசதி வந்தது. முதல் முறை அதை ஒன்றிலேயே வையுங்கள். நான்கில் வைத்தால் எதிரிகள் வெறும் வேகத்தடையாகிவிடுவார்கள்.

15: உதிரியே அவசியமானபோது

பக்கக் கிளைகளைத் தைரியமாகத் தள்ளலாம் என்று பழகியவரை 15 கவிழ்த்துவிடும். தலைநகர் இன்சோம்னியா விழுவது முழுக் கதைக்கும் வேர். அது கேமில் கிட்டத்தட்ட செய்தியாகத்தான் வந்து சேரும். நிகழ்வைக் காட்டுவது கிங்ஸ்கிளேவ் என்ற படம். முதல் அத்தியாயம் முடிந்தவுடன் கேமை நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பது நல்லது. கேமுக்குப் பின்னர் சேர்த்த துணைக்கதைகளில் எபிசோட் இக்னிஸை மெயின் கதையின் 9-ஆம் அத்தியாயத்துக்கு முன் திறக்க வேண்டாம். எபிசோட் ஆர்டின் கடைசியில்தான். 2018-ன் ராயல் எடிஷனில் எல்லாம் இருக்கும் என்று நினைப்பார்கள். ஆர்டின் 2019-ல் வந்ததால் அதில் இல்லை, தனியாக வாங்க வேண்டும்.

டிசிடியா வரிசையில் எல்லா எண்களின் நாயகர்களும் வில்லன்களும் மோதுகிறார்கள். பல கேம்களின் வில்லன் யார் என்பதை அதன் பட்டியலே சொல்லிவிடும். 2022-ன் ஸ்ட்ரேஞ்சர் ஆஃப் பாரடைஸ் பார்க்கத் தனிக் கேம் போல இருந்தாலும் 1-ன் மேல் தொங்குவது. 1-ஐ முடிக்காதவருக்கு அதன் கடைசி அடி விழாது.

டாக்டிக்ஸை ஒதுக்குவது

எண் இல்லை என்பதற்காக மட்டும் ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸைத் தவிர்த்தவர்கள் இந்தப் பெயரில் வந்த மிக நல்ல கதைகளில் ஒன்றை இழந்தவர்கள். 1997-ல் வந்தது, எந்தக் கேமையும் முன்னால் ஆடியிருக்கத் தேவையில்லை. 12-ம் இதே இவாலிஸ் உலகில் நடந்தாலும் காலம் வேறு. டாக்டிக்ஸ் அட்வான்ஸ் இதன் தொடர்ச்சியல்ல, தொனியே வேறு. 2025 செப்டம்பரில் வந்த இவாலிஸ் கிரானிக்கிள்ஸ் என்ற புதிய பதிப்புதான் இப்போது வாங்க எளிது. ஆனால் பிஎஸ்பியின் வார் ஆஃப் தி லயன்ஸ் பதிப்பில் சேர்த்த பால்தியரும் டார்க் நைட் தொழிலும் அதில் இல்லை.

பழைய பதிப்புகளில் ஆடுகிறவர்கள் ரியோவானஸ் கோட்டையை நினைவில் வையுங்கள். உள்ளே நுழைந்தால் அடுத்தடுத்துச் சண்டைகள், நடுவில் சேவ் செய்யச் சொல்லிக் கேட்கும், ஆனால் வெளியே வந்து லெவல் ஏற்ற வழியில்லை. இரண்டாவது சண்டை, விகிராஃப் என்ற எதிரியோடு நாயகன் ராம்ஸா தனியாக மோதுவது. ஒரே சேவ் இடத்தில் அதன் மேலேயே எழுதிவிட்டு ராம்ஸா பலவீனமாக இருந்தால், முப்பது மணி நேர ஆட்டத்தை அழித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம். கோட்டைக்கு வெளியே ஒரு சேவ், உள்ளே கேட்கும்போது வேறு இடத்தில் இன்னொரு சேவ்.