பழைய பார்க்கே தரையைத் தேய்த்து மெருகேற்றும் முறை

கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் உள்ள பழைய வரிசை வீடுகளின் கூடங்களில் பதித்திருக்கும் பார்க்கே தரை (சிறு மரத்துண்டுகளை அடுக்கி ஒட்டிய தரை), பெரும்பாலும் மெர்பாவ், கெம்பாஸ் போன்ற உள்ளூர் வன்மரங்களால் ஆனது. சிறு பட்டைகளைச் சதுரம் சதுரமாகச் சேர்த்து ஒட்டும் வகையில் மரத்தின் கனம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர்தான். தேய்ப்பு இயந்திரம் ஓடும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு தூளாகிவிடுகிறது. போன மரம் திரும்ப வராது. ஆகவே தரையை எவ்வளவு குறைவாகத் தேய்த்தால் போதும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மேற்பூச்சு மட்டும் மங்கி, அடியில் மரம் நன்றாக இருந்தால், 150 எண் மணல்தாளால் இலேசாக உரசித் துடைத்துவிட்டு, பழைய பூச்சோடு ஒட்டக்கூடிய வார்னிஷை ஒரு தடவை பூசினாலே போதும்.

வேலையைத் தொடங்கும் காலத்தையும் யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் தரையின் நினைவு வருகிறது. கோலாலம்பூரில் மாலை மழை வலுக்கும் காலமும் அதுவே. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பூசிய வார்னிஷ் மெதுவாகக் காயும், சில வேளைகளில் வெண்மை படரும். ஜூன், ஜூலை மாதங்களில் இந்த வேலையை முடித்துவிடுவதே என் பரிந்துரை.

இயந்திரத்தைக் கொண்டுவருமுன் தரை முழுவதையும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் பட்டைகளின் அடியில் ஒட்டு விட்டிருக்கும். அவற்றை எடுத்து, அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மறுபடி ஒட்டி உலரவிட வேண்டும். குளியலறை வாசலருகே பட்டைகள் கறுத்திருந்தால், ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் அங்கே நாடாவால் ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்து, தாளின் அடியில் நீர்த்துளி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் ஈரம் தரைக்குக் கீழிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே எந்தப் பூச்சும் நிலைக்காது.

மணல்தாளின் எண் குறையக் குறைய அதன் சொரசொரப்பு கூடும். பழைய பூச்சு தடித்திருந்தால் 40, அடுத்து 60 அல்லது 80, கடைசியில் 100 அல்லது 120 என்று போக வேண்டும். முந்தைய தாள் போட்ட கீறலை அடுத்த தாள் அழிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வரிசை. 40-இலிருந்து நேரே 120-க்குத் தாவினால், அந்தக் கீறல்கள் வார்னிஷ் பட்டதும் பளிச்சென்று தெரியும். பார்க்கேயில் அடுத்தடுத்த சதுரங்களின் மரரேகை குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், முதல் சுற்றில் இயந்திரத்தை அறையின் மூலைக்கு மூலை சாய்வாகவும், கடைசிச் சுற்றில் சன்னல் வெளிச்சம் விழும் திசையிலும் ஓட்டுங்கள். உருளை சுழலும்போது இயந்திரம் ஒரு கணமும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் பள்ளம் விழும். வன்மரத் தூளை அலட்சியம் செய்யாதீர்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. என்95 முகக்கவசம் கட்டாயம் வேண்டும்.

செந்தூலில் என் பெற்றோர் வீட்டுத் தரையைத் தேய்த்தபோது, சாமி மேடைக்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் சிந்திய விளக்கெண்ணெயை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். தேய்த்தபின் மரம் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. வார்னிஷைப் பூசியதும் அந்த இடத்தில் மட்டும் அது ஒட்டாமல் சின்னச் சின்னக் குழிகளாக விலகி நின்றது. எண்ணெய்க் கறை இருந்த இடத்தைத் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும் வரை, திரும்பத் திரும்பத் துடைத்து உலரவிட வேண்டும். இரும்புக் கம்பித் துருவலை மெர்பாவ் மேல் பயன்படுத்தாதீர்கள். உடைந்து தங்கும் துகள்கள் ஈரத்தோடும் மரச்சாற்றோடும் சேர்ந்து கரும்புள்ளிகளாகிவிடும்.

பட்டைகளுக்கு இடையிலுள்ள வெடிப்புகளை, 100 எண் சுற்றில் கிடைத்த அதே தரையின் தூளை நிரப்புப் பசையில் குழைத்து அடைத்தால் நிறம் பொருந்தும். எஞ்சிய தூளை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குள் வைக்காமல் அன்றே வெளியே கொண்டுபோய்விடுங்கள்; வார்னிஷ் கலந்த தூள் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

பூச்சுக்கான வார்னிஷில் கரைப்பான் சார்ந்த பாலியூரித்தேன், நீர் சார்ந்த பாலியூரித்தேன் என்று இரு வகை உண்டு. முன்னது மரத்துக்குத் தேன்நிறம் தரும். ஆனால் நெடி கடுமையாக இருக்கும், உலர ஓர் இரவாகும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டுக்கு நீர் சார்ந்ததையே தேர்ந்தெடுப்பேன். மெர்பாவின் சாயம் நீரில் கசிவதால், அதற்கு மட்டும் முதலில் அடைப்புப் பூச்சு ஒன்று தேவை. கரைப்பான் வகையைப் பூசும் நாளில் சாமி விளக்கு உட்பட எந்தத் தீயும் வீட்டில் எரியக் கூடாது. காலையிலேயே தொடங்கி, கூரை விசிறியை நிறுத்திவைத்து, மூன்று மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின், அடுத்ததைப் பூசுமுன் 220 எண் தாளால் உரசித் தூசைத் துடையுங்கள்.

கடைசிப் பூச்சு உலர்ந்த மறுநாள் வெறுங்காலோடு நடக்கலாம். சோபாவையும் அலமாரியையும் ஒரு வாரம் கழித்து, அவற்றின் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டி, இழுக்காமல் தூக்கி வையுங்கள். கம்பளத்தை மட்டும் இரண்டு வாரம் சுருட்டியே வைத்திருங்கள்.