ஜி.ஐ. பில்லில் சட்டம் படிக்க: முதலில் மாதங்களை எண்ணுங்கள்

அமெரிக்கப் படையில் இருந்துவிட்டு வக்கீலுக்குப் படிக்க நினைக்கிறீர்களா? படையில் இருந்தவர்களின் படிப்புச் செலவை அமெரிக்க அரசு ஏற்கும் திட்டமான போஸ்ட் 9/11 ஜி.ஐ. பில் பொதுவாக 36 மாதப் படிப்புக்குத்தான் பணம் தரும். ஒரு கல்வியாண்டுக்குச் சுமார் 9 மாதம் கழியும். நாலு வருஷ இளங்கலையிலேயே எல்லாம் கரைந்துவிடும். வக்கீலாவதற்கான மூன்று வருஷ ஜே.டி. பட்டத்துக்கு 27 மாதம் போதும். இளங்கலையைக் கம்யூனிட்டி காலேஜ், ஸ்காலர்ஷிப் என்று செலவு குறைந்த வழியில் முடித்து, இந்த மாதங்களைச் சட்டப் படிப்புக்கு வையுங்கள். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள்.

1. தகுதிச் சான்றிதழ் வாங்குங்கள். இந்தத் திட்டத்தை நடத்தும் முன்னாள் படைவீரர் துறையின் (வி.ஏ.) இணையதளத்தில் 22-1990 படிவத்தை நிரப்புங்கள். 2001 செப்டம்பர் 10க்குப் பிறகு மொத்தம் 36 மாதம் ஆக்டிவ் டியூட்டி (முழுநேரப் படைப்பணி) பார்த்திருந்தால் உதவித்தொகை 100 சதவீதம். 90 நாள்தான் என்றால் 50. எத்தனை மாதம் மிச்சம் என்பதும் சான்றிதழிலேயே இருக்கும். தனித்தனியாக இரண்டு முறை பணியாற்றி, இதற்கு முந்தைய திட்டமான மாண்ட்கமரி ஜி.ஐ. பில்லுக்கும் தகுதி பெற்றவர்கள் 2024 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி 48 மாதம் வரை கேட்கலாம்.

2. கட்டணக் கணக்கைப் போடுங்கள். 100 சதவீதக்காரருக்கு அரசு சட்டக் கல்லூரியில் உள்மாநிலக் கட்டணம் (அந்த மாநிலத்தவருக்கான கட்டணம்) முழுவதும் கிடைக்கும். தனியாரில் உச்சவரம்பு உண்டு: 2024-25இல் 28,937 டாலர். கட்டணம் 68,937 என்றால் 40,000 துண்டு விழும். அங்கேதான் எல்லோ ரிப்பன் திட்டம் கைகொடுக்கும். கல்லூரி 20,000 விட்டுக்கொடுத்தால் வி.ஏ.வும் 20,000 போடும். உங்கள் கையிலிருந்து ஒன்றும் போகாது. ஆனால் இது 100 சதவீதக்காரர்களுக்குத்தான். தொகையும் இடங்களும் துறைக்குத் துறை மாறும் என்பதால், பல்கலைக்கழகத்தைப் பொதுவாகக் கேட்காமல் சட்டக் கல்லூரியையே கேளுங்கள்.

3. வீட்டு வாடகை. வகுப்பு நடக்கும் இடத்தின் ஜிப் கோடை வைத்து மாதப்படி வரும். முழுக்க ஆன்லைன் என்றால் தேசிய சராசரியில் பாதிதான். செமஸ்டர் இடைவெளிக்குப் படி கிடையாது. டிசம்பர் வாடகைக்கு முன்கூட்டியே எடுத்து வையுங்கள். புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை உண்டு.

4. சேர்ந்த பிறகு. கல்லூரியின் சர்டிஃபையிங் அதிகாரியிடம் சான்றிதழைக் கொடுங்கள். நீங்கள் படிப்பதை வி.ஏ.வுக்குச் சொல்பவர் அவர்தான். மாதாமாதம் வி.ஏ. அனுப்பும் குறுஞ்செய்திக்கு ‘YES’ என்று பதில் போடுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் வாடகைப் பணம் நின்றுவிடும்.