ஹார்மோன் மாத்திரை தொடங்கியதும் வயிறு உப்புகிறதா? முதல் 3 மாதத்தைச் சமாளிக்கும் வழி

மெனோபாஸுக்கு ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்த நான்காம் நாளே எனக்குக் காலையில் குமட்டல். இரண்டாவது வாரத்தில், காலையில் சரியாக இருந்த பாவாடை நாடா சாயங்காலத்துக்குள் இடுப்பை அறுக்க ஆரம்பித்தது. "நமக்கு ஒத்துக்கலை" என்று அட்டையை அலமாரியில் போட்டுவிடலாம் என்றிருந்தேன். ஆனால் இரவில் மூன்று தடவை வேர்த்து எழுந்துகொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் தூக்கம் திரும்பியிருந்தது. அதை விட மனம் வரவில்லை. அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கையில் இருப்பது எது என்று பாருங்கள்

அட்டையைத் திருப்பி, வியாபாரப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். கர்ப்பப்பை இருக்கும் பெண்களுக்குப் பொதுவாக இரண்டு ஹார்மோன் இருக்கும்: ஈஸ்ட்ரோஜன் ஒன்று, புரோஜெஸ்டிரோன் வகை ஒன்று. கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும்தான்.

இரண்டும் வயிற்றை வேறு வேறு விதமாகத் தொந்தரவு செய்யும். ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கும்போது குமட்டலும் அஜீரணமும் வரலாம். புரோஜெஸ்டிரோன் குடலின் தசையைத் தளர்த்திவிடும். சாப்பிட்டது மெதுவாக நகரும். வாய்வு, உப்புசம், மலச்சிக்கல் வரும். கர்ப்பமாக இருந்தபோது மலச்சிக்கல் படுத்தியது நினைவிருக்கிறதா? அதற்கும் இதே ஹார்மோன் ஒரு முக்கியக் காரணம்.

படி 2: நேரத்தைப் பிரியுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் பாதித் தொல்லை குறையலாம். நான் தைராய்டு மாத்திரை போடும்போதே, காலையில் வெறும் வயிற்றில் எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தேன். எழுதிக் கொடுத்த இடத்தில் யாரும் நேரத்தைச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது என் நாள் இப்படிப் பிரிந்திருக்கிறது.

எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். காபிகூட அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை டிபன் சாப்பிட்ட கையோடு. உணவோடு போனால் குமட்டல் குறையும். கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏனென்றால் தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இரவில் படுக்கப்போகும்போது மைக்ரோனைஸ்டு (மிக நுண்ணிய துகளாக்கிய) புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல். இது ஈஸ்ட்ரோஜனுக்கு நேர்மாறு: உணவோடு போட்டால் ரத்தத்தில் அதிகமாக ஏறி, தலைசுற்றலும் மயக்கமும் கூடும். இரவுச் சாப்பாடு முடிந்து 2 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். தூக்கம் வரவைக்கும் மருந்து என்பதால் இரவு நேரம் அதற்குப் பொருத்தம். சில கேப்ஸ்யூல்களில் கடலை எண்ணெய் இருக்கும். வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். உங்களுடையது வேறு வகைப் புரோஜெஸ்டிரோன் என்றால் இந்த இரவுக் கணக்கு பொருந்தாமல் போகலாம். டாக்டர் சொன்ன நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஈஸ்ட்ரோஜனை வாய்வழியாக எடுக்க ஆரம்பித்தால் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். தைராய்டு குறைந்தாலே மலச்சிக்கல் வரும். 2, 3 மாதத்துக்குள் டி.எஸ்.எச். (தைராய்டு அளவு சரியா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ஒன்று செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள்.

படி 3: கூடவே வந்த மற்ற மாத்திரைகளையும் பாருங்கள்

ஹார்மோன் எழுதும் அதே சீட்டில் கால்சியமும் இரும்புச்சத்தும் வந்துவிடுவது உண்டு. இரண்டும் மலத்தை இறுக்கக்கூடியவை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் உப்புசமும் அதனாலும் வரும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் எது படுத்துகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகத் தொடங்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

படி 4: ஒரு நோட்டு போடுங்கள்

பழைய டைரி போதும். தினமும் எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, குமட்டல் எப்போது வந்தது, மலம் கழிந்ததா, அவ்வளவுதான். இதோடு தையல் டேப் எடுத்து, காலையிலும் சாயங்காலமும் தொப்புளுக்கு நேரே அளந்து எழுதுங்கள். வாய்வால் வரும் உப்புசம் காலையில் வடிந்து, பொழுது போகப்போக ஏறும்.

சிலருக்குப் புரோஜெஸ்டிரோன் தினமும் 100 மி.கி. இருக்கும். சிலருக்கு 28 நாளில் 12 நாள் மட்டும் 200 மி.கி. இருக்கும். உங்களுடையது இரண்டாவது முறை என்றால், உப்புசம் அந்த 12 நாளில் மட்டும் வருகிறதா என்று நோட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

படி 5: சாப்பாடு

இரவு உணவைச் சீக்கிரம் முடியுங்கள். சுண்டல், பட்டாணி, முட்டைக்கோஸ், கிழங்கு வகைகளைச் சில வாரம் குறையுங்கள். பருப்பை முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை. கீரை, வாழைத்தண்டு, தண்ணீர், சாப்பிட்ட பின் 15 நிமிட நடை. சீரகத் தண்ணீர் இதம் தருகிறது என்றால் குடியுங்கள். மலச்சிக்கலுக்கு இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடி எடுத்தால் முழு டம்ளர் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் தள்ளி.

படி 6: 3 மாதம் பார்த்து, பிறகு மாற்றச் சொல்லுங்கள்

இந்தத் தொந்தரவுகள் பெரும்பாலும் 3 மாதத்துக்குள் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் சகித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஈஸ்ட்ரோஜனின் அளவைக் குறைக்கலாம். தோலில் தடவும் ஜெல்லுக்கோ ஒட்டும் பட்டைக்கோ மாறலாம். தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் வயிற்றையும் கல்லீரலையும் முதலில் தொடாமல் நேராக ரத்தத்துக்குப் போகிறது. ரத்தக்கட்டி ஆபத்தும் மாத்திரையைவிட இதில் குறைவு. புரோஜெஸ்டிரோனிலும் வேறு வகைகள் உண்டு; கர்ப்பப்பைக்குள் வைக்கும் 'ஹார்மோன் காயில்' (coil) என்ற சின்னச் சாதனமும் உண்டு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கர்ப்பப்பை இருப்பவர்கள், "உப்புசத்துக்கு இரவு கேப்ஸ்யூல்தான் காரணம்" என்று அதை மட்டும் நிறுத்திவிட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடராதீர்கள். ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். அது புற்றுநோய் வரை கொண்டுபோய் விடலாம். அந்தச் சவ்வைக் காப்பதற்கே அந்தக் கேப்ஸ்யூல். அது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள்.

படி 7: இவற்றுக்கு 3 மாதம் காத்திருக்கக் கூடாது

எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே கடுமையான வலி, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவினால், கண் மஞ்சளானால், காய்ச்சல் வந்தால், பித்தப்பையைப் பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை பித்தக்கல் வாய்ப்பைக் கூட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், அன்றே, அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்று, எல்லோரும் தவறவிடுவது. உப்புசம் காலையிலும் வடியவில்லை, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைகிறது, அடிவயிறு வலிக்கிறது, அடிக்கடி சிறுநீர் வருகிறது. இவை வாரக்கணக்கில் நீடித்தால் ஹார்மோன் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். சினைப்பைப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகளும் இப்படித்தான் இருக்கும். அடிவயிறு ஸ்கேனும் சிஏ 125 ரத்தப் பரிசோதனையும் வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

எனக்கு, நேரத்தைப் பிரித்த பிறகு உப்புசம் நன்றாகக் குறைந்தது. காலைக் குமட்டல் மட்டும் போகவில்லை. 11-வது வாரம் நோட்டைப் பார்த்த டாக்டர் மாத்திரையை ஜெல்லாக மாற்றினார், இரவு கேப்ஸ்யூலை அப்படியே விட்டார். இப்போது டிபனை ருசித்துச் சாப்பிடுகிறேன். நீங்களும் அடுத்த தடவை போகும்போது அந்த நோட்டோடு, வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.