கழுத்தில் குத்துக்காயமா? இதையெல்லாம் எழுதிவிடுங்கள்

"கழுத்தில் குத்துக்காயம்" என்று மட்டும் மருத்துவரின் குறிப்பு இருந்தால், அதைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் செய்பவர் தடுமாறிப்போவார். நோய்களுக்கும் காயங்களுக்குமான அமெரிக்கக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் இது எஸ்11 பிரிவு; ஆனால் குரல்வளை, மூச்சுக்குழாய், தைராய்டு என ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. கிழிசலா, குத்தா, கடியா என்பதும் வேண்டும். குரல்வளையில் குத்து, உள்ளே எதுவும் தங்கவில்லை என்றால் எஸ்11.013ஏ. ஒரு கண்ணாடிச் சில்லு தங்கியிருந்தாலும் எஸ்11.014ஏ ஆகிவிடும். ரத்தக்குழாய் சேதத்துக்கு எஸ்15 தனி.

கழுத்துத் தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் மெல்லிய பிளாட்டிஸ்மா தசையைக் காயம் தாண்டியதா என்பதைத் தயவுசெய்து எழுதாமல் விடாதீர்கள். காயத்தில் காற்று குமிழியிட்டாலோ வீக்கம் பெருகிக்கொண்டே போனாலோ முதலில் மூச்சுப்பாதை, உடனே அறுவை அரங்கு, எழுதுவதெல்லாம் அப்புறம்.

கடைசியில் வரும் 'ஏ' முதல் வருகைக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், காயத்துக்கான நேரடிச் சிகிச்சை நடக்கும்வரை எல்லா வருகைக்கும் அதுதான்.